குட்டியின் விலையும் நாயின் செலவும்

(உலக வெறிநோய் நாளை ஒட்டி விருதுநகரில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் போன் நம்பர் இன்னும் ஓய்வு பெறவில்லை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். "சார், ராஜபாளையம் குட்டி ஒண்ணு வேணும், என்ன விலை போகுது?" விலையைச் சொன்னதும் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்கள், ஏதோ குட்டி என் வீட்டில் இருப்பது மாதிரி. அந்தக் குட்டி நாயானபிறகு மாதம் என்ன செலவாகும் என்று இவர்களில் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு நான் பேசப் போவது முழுக்க அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் நம் மாவட்டத்துப் பெருமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று இரண்டு நாயினங்களின் பெயரும் நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். கருப்பில் செம்பழுப்புக் கலந்த கன்னியும் இந்தக் கரிசல் பக்கத்து நாய்தான். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை போட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், கர்நாடகத்து முதோள் நாய், நான்காவதாக நம் ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளருங்கள் என்றார். அதற்குப்பின் சில மாதம் என் போன் ஓயவில்லை. பெருமைப்படுவதற்குப் பைசா செலவில்லை என்பதால் எல்லோரும் தாராளமாகப் பட்டுக்கொண்டோம்.

இதில் ஒரு வேடிக்கை. சிவகாசியில் அச்சாகும் தினக் காலண்டரிலும் நோட்டு அட்டையிலும் குழந்தையோடு ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பஞ்சுப்பொதி மாதிரி சீமைக் குட்டி. அடுத்த ஊர் ராஜபாளையம் நாயை நான் ஒரு காலண்டரிலும் பார்த்ததில்லை.

சரி, செலவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் நாய்க்கு என்ன செலவானது என்று யோசித்துப் பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டப் பிறந்தவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான மார்புக்கூடு. கண்ணில் பட்டதை ஓடிப் பிடிக்கும் உடம்பு. ராஜபாளையம் எலும்பு கனத்த நாய். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு இறக்கினார்கள், தோட்டத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் காவல் வைத்தார்கள். நாய் காலையில் கம்பங்கூழோ கேப்பைக் களியோ தின்றது. சாயங்காலம் முயல் கொண்டுவந்தது. சோறும் வேலையும் நேருக்கு நேர் கழிந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப் பூசலில், அதாவது கால்நடை மந்தைக்காக நடந்த சண்டையில், செத்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து வைத்தார்கள். வேலை செய்த நாய்க்கு அந்த மரியாதை இருந்தது.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது, ஆக வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அன்றோடு இந்த நாய்களுக்கு உத்தியோகம் போய்விட்டது. உத்தியோகம் போனாலும் உடம்பு மாறவில்லை. பன்றியை மைல் கணக்கில் துரத்துவதற்கான நுரையீரலும் தசையும் இன்றைக்கு இரண்டு சென்ட் வீட்டின் கேட்டுக்குப் பின்னால் நான்கடிச் சங்கிலியில் நிற்கின்றன. முன்பு தன் செலவைத் தானே அடைத்த பிராணிக்கு இப்போது முழுச் செலவும் நாம்தான் கொடுக்க வேண்டும். மனசறிந்து கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

வயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வளர்ந்த ராஜபாளையம் ஒன்று, ஏறக்குறைய 28, 30 கிலோ எடை. ஓடியாடும் நாயென்றால் நாளைக்குச் சுமார் 1,500 கலோரி வேண்டும். முந்நூறு கிராம் அரிசி, கால் கிலோ கோழிக்கால்-தலை-ஈரல், ஒரு முட்டை, கொஞ்சம் காய், அவ்வளவு போதும். கடைக்குக் கடை விலை மாறும். ஒரு பேச்சுக்கு அரிசிக்கு 15 ரூபாய், கறிக்கடைக்கு 25, முட்டைக்கு 7, காய்க்கு 5, கேஸுக்கு 8 என்று வையுங்கள். நாளைக்கு 60 ரூபாய். வருஷத்துக்கு 21,900. நாய் 12 வருஷம் இருந்தால் 2,62,800 ரூபாய். குட்டியை 10,000 கொடுத்து வாங்கினீர்கள் என்றால், நீங்கள் பேரம் பேசி வாங்கிய அந்த விலை முழுதும் ஐந்தரை மாதச் சோற்றுக்குள் அடங்கிவிடுகிறது. பைத் தீவனம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சிரித்துவிட்டு இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

முன்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறார்கள். தெரியும், ரேஷன் அரிசி. (சிரிப்பு.) பல வீடுகளில் நாய்க்கென்று தனி உலை வைப்பது அதில்தான். அப்போது உங்கள் கணக்கில் 15 ரூபாய் குறையும். அரசாங்கத்தின் கணக்கில் ஏறும். செலவு எங்கும் போய்விடவில்லை, ஆள் மாறியிருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரிசி மட்டும் போட்டு வளர்க்கிற வீடுகளும் உண்டு. பால் சோறு, தயிர் சோறு, மிஞ்சினால் ரசம் சோறு. குட்டி ஆறு மாதத்தில் முன்னங்கால் வளைந்து, நடந்தால் நொடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு வரும். "நாங்க சைவம் சார்" என்பார்கள். நீங்கள் சைவம், சரி, அதைக் கேட்டீர்களா? இன்னொரு கோஷ்டி நேர் எதிர். ராத்திரி கடையிலிருந்து நம் ஊர் எண்ணெய் பரோட்டா பார்சல் வரும், மீந்ததைச் சால்னாவில் பிசைந்து நாய்க்கு வைப்பார்கள். எண்ணெயும் வெங்காயமும் நாய்க்கு ஆகாத இரண்டு சாமான். சால்னாவில் இரண்டும் மிதக்கும். மறுநாள் வாந்தி. மிச்சம் பிடித்த பரோட்டாவுக்கு நானூறு ரூபாய் மருந்துச் சீட்டு.

அடுத்தது ஊசி. குட்டி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். நடுவில் பூச்சி மருந்து. சின்ன வயதில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வெறிநோய் ஊசி அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசிக்குத்தான் கையிலிருந்து காசு, அதைத்தான் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் என்ன வரும் என்பதற்கு ஒரு கேஸைச் சொல்கிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண். பட்டாசு ஆபீஸில் வேலை, வாரச் சம்பளம். மஞ்சப்பையை விரித்து அதற்குள் மூன்று மாதக் குட்டியைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பையிலேயே கழிந்திருந்தது. பார்வோ என்று தெரிந்துகொள்ளச் சோதனையே வேண்டாம். அந்த ரத்தவாடை ஒன்று போதும், அறைக்குள் வரும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஈறு வெளுத்து, கண் உள்ளே போய், தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

"ஊசி போட்டியா தாயி?"

"எந்த ஊசி சார்?"

குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், நாலைந்து நாள் காலையும் மாலையும் கொண்டுவர வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சனிக்கிழமை சம்பளம் போட்டதும் வாரேன் சார். அதுவரைக்கும் தாங்குற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க" என்றார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பார்வோவுக்குச் சனிக்கிழமை தெரியாது.

மருந்தகத்தில் இருந்த பாட்டிலை எடுத்து அவருடைய செலவில்லாமலே ஏற்றினோம். குட்டி பிழைத்தது. பலருக்கும் கதை இத்தோடு முடிந்தது. எனக்கு அதற்குப் பின்னால்தான் கணக்கு. பாட்டில் இறங்க இரண்டு மணி நேரம். மேஜைப் பக்கத்தில் ஒரு கையால் குட்டியின் காலைப் பிடித்தபடி அவர் நிற்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நான்கு நாளும் அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குப் போகாத நாளுக்குப் பணம் ஏது? அந்த வாரம் சனிக்கிழமை அவர் கையில் என்ன விழுந்திருக்கும்? மருந்து இலவசம், சிகிச்சை இலவசம், டாக்டர் இலவசம். நான்கு நாள் கூலியை மட்டும் யாரும் இலவசமாகத் தரவில்லை. முதல் ஊசியை அந்தக் கூலியில் ஒரு பங்குக்குள் போட்டு முடித்திருக்கலாம்.

இந்தப் பார்வோ 1978 வாக்கில் உலகத்துக்கு வந்த புது நோய். நம் தாத்தாக்கள் ஊசி போடாமல் நாய் வளர்த்தார்கள் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான். தாத்தா காலத்தில் இந்த நோயே கிடையாது. கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலுக்கு மசியாது, ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். அதனால்தான் ஒரு குட்டி செத்த வாசலில் அடுத்த மாதம் வாங்கிவந்த குட்டியும் சாகிறது. "வீட்டுக்கு நாய் ராசியில்லை" என்று ஜோசியரிடம் போவார்கள். அது தனிச் செலவு.

உண்ணியைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது சுவரிடுக்கில் சுகமாகக் குடித்தனம் நடத்தும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை. கொஞ்சம் சிக்கலானால் மதுரை, இல்லாவிட்டால் ராமையன்பட்டியில் இருக்கும் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், வாடகைக் கார்தான். நோய்க்கு ஆன செலவைவிட நோயாளி போய்வந்த செலவு பெரிதாக இருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் ரூபாயில் எண்ணக்கூடியது. எண்ண முடியாத ஒன்று, நேரம். காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி, சங்கிலியைக் கையில் பிடித்து நடக்க வேண்டும். இந்த இனங்களை வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து ஓடவும் விட வேண்டும். தீபாவளி சீசனில், ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்ட நாளிலிருந்து, சிவகாசியில் யாருக்கு இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கிறது? நாய் கட்டிலேயே கிடக்கும். கட்டிலேயே கிடக்கும் நாய் குரைக்கும், குழி பறிக்கும், தன் முன்னங்காலைத் தானே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், கடைசியில் பால்காரரைக் கடிக்கும். "நல்ல காவல் நாய்" என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அது காவல் இல்லை ஐயா, பைத்தியம்.

பலருக்குத் தெரியாது, இது சட்டத்திலேயே இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு அதன் சொந்தக்காரர் நியாயமான நடமாட்டம் தராவிட்டால் குற்றம். மாட்டைப் பற்றி இல்லை, குதிரையைப் பற்றி இல்லை. நாய் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக இருக்கும் சட்டம். ஒரு தெருவில் நடந்து போனால் எத்தனை வீட்டில் அதை மீறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

வெள்ளை மோகத்துக்கு வருகிறேன். இதில் என் சொந்த ஊர்க்காரர்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தங்கக் கண் என்று ஒரு இலக்கணம் வகுத்துவிட்டோம். ஈற்றில் புள்ளியோ பழுப்போ விழுந்த குட்டியை ஒதுக்கினோம். ஒதுக்கினோம் என்பது நாகரிகமான சொல், நடந்தது என்னவென்று பெரியவர்களுக்குத் தெரியும். வெள்ளையோடு வெள்ளை, அண்ணனோடு தங்கை என்று சேர்த்தோம். உள்காதில் நிறமி தரும் அணுக்கள் இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே அங்கே நரம்பு முனைகள் பட்டுப்போகும், குட்டி செவிடாகும். உலகம் முழுக்க வெள்ளை இனங்களுக்கு உள்ள தொல்லை இது. அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்ததில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்கவில்லை. நம் ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாங்கும்போது குட்டிக்குப் பின்னால் நின்று, அது உங்களைப் பார்க்காதபோது சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். தாய், கூடப்பிறந்த குட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மற்றவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் பார்த்துத் திரும்பிவிடும். இரண்டு காதும் போனால் இதில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் போனால் தெரியாது. அதற்கு மூளைத் தண்டின் மின்னலையை அளக்கும் கருவி வேண்டும். செவிட்டு நாயை வளர்க்க முடியாதென்று நான் சொல்லவில்லை. கையசைவில் பழக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய பொறுமையை, பத்தாயிரம் கொடுத்துக் காவலுக்கு வாங்கினவரிடம் நான் அதிகம் கண்டதில்லை.

பொட்டைக் குட்டியின் நிலைமை இன்னும் மோசம். ஈற்றுக்கு ஆறேழு குட்டி. கடுவனுக்கு முன்பணம் வந்துவிடும், பொட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். பை ஒன்றில் போட்டுக் கண்மாய்க்கரையிலோ கறிக்கடைப் பக்கத்திலோ விட்டுவிடுவார்கள். அதில் ஒன்று பிழைத்து, அடுத்த வருஷம் அது ஆறு ஈனும். தெருநாய் எங்கிருந்து வருகிறது என்று நகராட்சியைக் கேட்கிறோமே, கொஞ்சம் நம் வீட்டுக் கொல்லையையும் கேட்க வேண்டும். 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. நீங்கள் வாங்கப் போகும் இடத்தில் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் என்ன முகம் வருகிறது என்று பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கதை இல்லை. ஒரே தடவைச் செலவு. ஒன்று மட்டும் கவனம்: கொழுப்பே இல்லாத இந்த வேட்டை நாய் உடம்புக்குச் சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்ளாது, கிரேஹவுண்ட் நாய்களில் தயோபென்டோன் தெளிய வெகுநேரம் எடுக்கும் என்பது பழைய பாடம். மருத்துவரிடம் இது வேட்டை நாயினம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

இனி வெடி. இந்த மாவட்டத்தில் நாயைப் பற்றிப் பேசிவிட்டு வெடியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. வெடியால்தான் நமக்குச் சோறு; அதனால் நான் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசுகிறேன். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியைத் தயாரிக்கக் கூடாது என்பது 1999 முதல் விதி. அந்த 125 டெசிபல் என்பது மனிதக் காதை வைத்துப் போட்ட அளவு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்காது. நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காத சீறலும் சேர்த்து அதற்குக் கேட்கிறது. இது எங்கிருந்து வருகிறது, எப்போது முடியும், ஒன்றும் அதற்குத் தெரியாது. பின்லாந்தில் 13,700 வளர்ப்பு நாய்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், சத்தத்துக்குப் பயப்படுபவை 32 சதவீதம். அங்கே வருஷத்தில் பெரும்பாலும் ஒரு புத்தாண்டு இரவுதான் வெடி. நமக்குத் தீபாவளி, கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, தேர்தல் வெற்றி, துஷ்டி வீடு என்று வருஷம் முழுக்க.

பழகிவிடும் என்கிறார்கள். சில நாய் பழகும். பல நாய்க்கு வருஷத்துக்கு வருஷம் பயம் கூடும். மூன்று வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாய் ஆறு வயதில் கேட்டைத் தாண்டி ஓடும். உச்ச நீதிமன்றம் 2018இல் நேரம் வகுத்த பிறகு, நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள். சிவகாசியில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரி வாசலில் மூன்று வகை வரும். சங்கிலியை இழுத்துக் கழுத்து அறுந்தது. கம்பிக் கேட்டில் ஏறி வயிறு கிழிந்தது. நாயே இல்லாமல், போனில் அதன் போட்டோவோடு வரும் வீட்டுக்காரர். ஊரில் தீபாவளி ராத்திரி அயர்ந்து தூங்கும் நாய் ஒன்று உண்டு. முன்பு சொன்னேனே, அந்தச் செவிட்டு வெள்ளை.

தீபாவளி வருகிறது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மத்தியானமே நீளமாக நடத்திக் கூட்டிப்போய்க் களைப்பாக்கிவிடுங்கள். சோற்றைப் பொழுது சாய்வதற்குள் வையுங்கள். வெளியே கட்டாதீர்கள், ஜன்னல் இல்லாத உள் அறை, மின்விசிறி, டிவி சத்தம், ஒரு ஆள் கூட இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு ஒன்று, மொத்தச் செலவிலேயே மலிவான சாமான். மருந்து வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் வாருங்கள். மெடிக்கல் கடையில் நீங்களாக மயக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அசெப்ரோமசின் வகை மருந்து நாயை அசைய விடாமல் படுக்கவைக்கும், பயத்தைக் குறைக்காது. உள்ளே பயத்தோடு வெளியே அசைய முடியாமல் கிடக்கும். பார்க்கிறவருக்கு நிம்மதியாகத் தூங்குவது மாதிரி இருக்கும்.

முன்னே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: செலவு போய்விடாது, ஆள் மாறும். நாய்க்கு வருஷ ஊசி போடாத வீட்டுக்காரர் கொஞ்சம் பணமும் ஒரு காலை நேரமும் மிச்சம் பிடிக்கிறார். அந்த நாய் தெருப் பிள்ளையைக் கடிக்கிறது. சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊசி அன்றைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். எல்லாம் இலவசம், அதாவது உங்கள் என் வரிப்பணம். பிள்ளைக்கு நான்கு நாள் பள்ளிக்கூடம் போச்சு, கூடப் போகிற தாய்க்கு நான்கு நாள் கூலி போச்சு. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி மட்டும் 4,80,000க்கு மேல். இதை நான்கால் பெருக்கி, தாய்மார் கூலியால் பெருக்கிப் பாருங்கள். கடிபட்டும் ஊசி போடாமல் விட்டவர்களுக்கு? உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். சாகிறவர்களில் 40 சதவீதம் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய் வெளியே தெரிந்தபிறகு பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். லூயி பாஸ்டர் 1885இல் முதல் வெறிநோய் ஊசி போட்டு 140 வருஷம் ஆகிவிட்டது. அவர் இறந்த செப்டம்பர் 28ஐத்தான் வெறிநோய் நாளாக வைத்திருக்கிறார்கள்.

நாயைக் கைவிட்டால் என்ன தண்டனை? நான் சொன்ன அதே 1960 சட்டத்தில், அதே 11ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். பல பத்து வருஷமாக அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. ஒரு நாள் சோறு 60 ரூபாய் என்று கணக்குப் போட்டோம். கட்டிப்போட்டுச் சோறு வைப்பதைவிடப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போவது பத்து ரூபாய் லாபம் என்று நம் சட்டமே சொல்கிறது! கவனக்குறைவால் நாய் ஒருவரைக் கடித்தால் மட்டும் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கைவிட்ட நாய் கடித்தால் யாரைப் பிடிப்பார்கள்? அது யார் நாய் என்று எங்கேயும் பதியவில்லையே.

பெர்லினில் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ வரி, இரண்டாவது நாய்க்கு 180. கட்டினால்தான் நாய். இங்கிலாந்தில் நாய் உரிமக் கட்டணம் 37 பென்ஸாகவே நின்றுபோய், வசூலிக்கும் செலவு வசூலைவிட அதிகமாகி, 1987இல் உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். நம் உள்ளாட்சிகளில் உரிமம் ஏட்டில் இருக்கிறது. உங்களில் வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்க எனக்கு ஆசை, கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். கட்டணத்தைச் சும்மா ஏற்றுவதை நான் கேட்கவில்லை. கட்டணத்தோடு வருஷ ஊசியும் ஒரு எண்ணும் சேர்ந்து வரட்டும். பொட்டை நாய்க்குக் கருத்தடை செய்த சான்று காட்டினால் கட்டணமே வேண்டாம் என்று வையுங்கள். பட்டாசு ஆபீஸ் வேலைக்காரர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி ஊசிக்கு மட்டும் திறந்திருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். வாரநாளில் இலவச முகாம் வைத்தால், கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது இலவசம் இல்லை.

நாளை காலை முகாம் இருக்கிறது. திங்கட்கிழமைதான், என்ன செய்ய. எட்டு மணிக்கு முன்பே வந்தால் வேலைக்குப் போக நேரம் இருக்கும். கயிற்றிலோ சங்கிலியிலோ கட்டிக் கொண்டுவாருங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். கடிக்கிற நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு துணிக்கட்டு போட்டுக்கொள்ளலாம். போன வருஷச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டுத் தெருவில் யாரும் சொந்தம் கொண்டாடாத, ஆனால் எல்லோரும் சோறு போடுகிற நாய் ஒன்று இருக்குமே, அதுவும் உங்கள் கைக்கு வரும் என்றால் அதையும் கூட்டி வாருங்கள். அதற்கும் ஊசி உண்டு.